நூற்று நாற்பது பேர் வரவில்லை

காலியாகக் கிடக்கும் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். வங்கிப் படிவமோ, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பள்ளியில் கொடுத்த படிவமோ, எதுவானாலும் ஒரு கட்டத்தை விட்டுவிட்டு எழுந்து போகிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து எழுதச் சொல்வேன். இப்படிப்பட்ட ஆளைத்தான் நோயாளர் பதிவேட்டு வேலைக்கு எடுத்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

எங்கள் பதிவேடு ஒரே ஒரு நோய்க்கானது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அது எம்.எஸ். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே நரம்பின் மேலுறையை அரித்துவைக்கிற நோய். ஒருவருக்குக் கண் மங்கும், ஒருவருக்குக் கால் மரத்துப்போகும். சிலருக்கு வந்த தாக்குதல் சில வாரங்களில் வடிந்துவிடும், சிலருக்கு வடியாது. யாருக்கு எப்படிப் போகும் என்று ஒரு டாக்டர் தன்னிடம் வரும் நாற்பது பேரை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதனால் ஒன்பது மருத்துவமனைகளின் நோயாளிகளை ஒரே இடத்தில் பதிந்து, வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போடுகிறோம். பூஜ்யம் என்றால் குறை ஒன்றுமில்லை. ஆறு என்றால் கைத்தடி. ஏழு என்றால் சக்கர நாற்காலி. எண்ணைப் போடுவது டாக்டர்கள். அதைக் கணினியில் ஏற்றுவது, பதினொரு வருஷமாக, நான்.

அந்த வருஷம் வராதவர்களுக்கு என்ன செய்வது? எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த அம்மாள் போகும்போது சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். "ஆள் வரலைன்னா போன வருஷ நம்பரையே போட்டுடு. காலியா விட்டா அந்தச் சனியன் அடுத்த பக்கத்துக்கே போகாது." அந்தச் சனியன் என்றது கணினியை. எனக்கு இது கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி இருந்தது. பதினொரு வருஷத்தில் ஒரு கட்டத்தைக்கூட நான் காலியாக விட்டதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் அதே நோய் என் வீட்டுக்குள் வந்தது. அம்மா, அப்பா காலத்துக்குப் பிறகு நானும் என் தங்கையும்தான் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுக்கு முப்பத்தொரு வயது. பள்ளியில் விளையாட்டு டீச்சர். ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கியவள், இடது கால் தரையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்றாள். நான் அப்போதே புரிந்துகொண்டேன். எனக்குத்தான் அந்த வாக்கியம் மனப்பாடமாயிற்றே, நூற்றுக்கணக்கான படிவங்களில் படித்தது.

ஆறு வாரத்தில் கால் திரும்பிவிட்டது. மருந்து ஆரம்பித்தார்கள். அவள் மறுபடியும் மைதானத்துக்குப் போனாள், வெயிலில் கறுத்து வந்தாள், தொண்டை கட்டி வந்தாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதைக் கெடுத்தது நான்.

எங்கள் பதிவேட்டின் ஆண்டறிக்கை அச்சாகி வந்தது. வழவழப்பான தாள், கடைசிப் பக்கத்தில் என் பெயர். பெருமை தாங்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். தங்கை என் பெயரைத் தேடிப் புரட்டியவள் பதினேழாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். "நோய் தொடங்கிப் பத்து ஆண்டு கடந்தவர்களில் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு பேருக்குக் கைத்தடி அல்லது அதற்கும் மேற்பட்ட துணை தேவைப்படுகிறது."

"அக்கா, இது நிஜமா?"

"பதிவேடு பொய் சொல்லுமாடீ?" என்றேன். என் நாக்கில் அப்போது சூடு போட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் மாறிப்போனாள். அழவில்லை, புலம்பவில்லை. கணக்குப் போட ஆரம்பித்தாள். நாற்பத்தொரு வயதில் கைத்தடி. அதற்குள் மைதானத்தை விட்டுவிடுவது மரியாதை. பள்ளியில் பண்டக அறைப் பொறுப்பு ஒன்று காலியாகிறது, பந்துகளையும் வலைகளையும் எண்ணிவைத்துக் கையெழுத்துப் போடும் வேலை. அதற்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தால் தலைமையாசிரியை மைதானத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார். போட்டால் போட்டதுதான், திரும்பக் கேட்க முடியாது. கடிதம் கொடுக்கக் கடைசி நாள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை.

"நல்லா ஓடிக்கிட்டு இருக்கறப்பவே ஏன்டீ உக்காரணும்?"

"விழுந்து எல்லாரும் பாவம் பார்த்து உக்கார வைக்கறதுக்கு முன்னால நானே உக்காந்துடறேன். பாதிக்கு மேல அக்கா. பாதிக்கு மேல."

அவள் கையில் இருந்தது என்னுடைய அறிக்கை.

அதற்கு மறுநாள்தான் மருத்துவமனையில் எங்கள் பதிவேட்டு அலுவலகத்துக்கு ஒரு தபால்காரர் வந்தார். எங்களுக்குத் தபால் கொண்டுவருகிறவர் இல்லை, வேறு ஏதோ பகுதியில் வேலை பார்ப்பவர். லிஃப்ட் கெட்டுப்போயிருந்ததால் நான்கு மாடி ஏறி வந்திருந்தார். பெயருக்குக்கூட மூச்சு வாங்கவில்லை. பழைய ஸ்கேன் அறிக்கை ஒன்று தொலைந்துவிட்டதாம், நகல் வேண்டுமாம். பதிவு எண்ணைக் கேட்டுத் திரையில் எடுத்தேன். ஆறரை. அதாவது இரண்டு கைத்தடி.

"பேஷண்ட் கீழ இருக்காரா? லிஃப்ட் சரியாகட்டும், அவரை ஏத்தாதீங்க. நீங்க கையெழுத்துப் போட்டாலே போதும்."

"எந்தப் பேஷண்ட்?"

"உங்க கூட வந்தவர்."

"நான் தனியாத்தாம்மா வந்தேன். நான்தான் பேஷண்ட்."

நான் திரையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், அவர் காலைப் பார்த்தேன். தூசி படிந்த செருப்பு, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. நிறைய நடக்கிறவர் செருப்பு. அவரும் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார், ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு தடி வச்சுக்கிட்டு இங்க வந்தேன். அப்ப சுத்தமா நடக்க முடியல. ஊசி போட்டாங்க, மூணு மாசத்துல சரியாப் போச்சு. மாத்திரைக்கு எங்க வீட்டுப் பக்கத்து டாக்டரே எழுதித் தர்றார்."

"அப்புறம் ஏன் சார் இங்க வரவே இல்ல?"

"எதுக்கு வரணும்? நல்லாத்தானே இருக்கேன்."

நகலைக் கொடுத்து அனுப்பினேன். அவர் படியிறங்கும் சத்தம் தடதடவென்று கேட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய வரிசையைப் படித்தேன். ஆறரை, ஆறரை, ஆறரை. எட்டு வருஷம். முதல் ஆறரையைத்தான் ஒரு டாக்டர் போட்டிருந்தார். மற்ற ஏழும் என் கைவேலை. அந்த மனுஷன் வீடு வீடாக ஏறி இறங்கித் தபால் கொடுத்துக்கொண்டிருந்த ஏழு வருஷமும் நான் அவர் கையில் இரண்டு தடியைக் கொடுத்து நிற்க வைத்திருக்கிறேன்.

மக்கள் எப்போது மருத்துவமனைக்கு வருகிறார்கள்? உடம்பு மோசமாக இருக்கும்போது. டாக்டர் அன்றைக்கு இருக்கும் நிலையைப் பார்த்து எண் போடுகிறார். தேறிய பிறகு யார் வருகிறார்கள்? வராதவர்களின் கட்டத்தில் நான் எதை நிரப்பினேன்? அவர்களுடைய வாழ்க்கையின் மிக மோசமான நாளை எடுத்து வருஷா வருஷம் நகல் எடுத்திருக்கிறேன்.

எங்கள் புள்ளியியல்காரரின் அறைக்கு ஓடினேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தசமம். மணி கேட்டால்கூட மூன்றே கால் என்று சொல்லமாட்டார், மூன்று புள்ளி இரண்டு ஐந்து என்பார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"கட்டம் காலின்னா எனக்குக் காலின்னு வந்திருக்கணும். நீங்க நிரப்பி அனுப்பினது எனக்குத் தெரியவே தெரியாது. நான் எல்லாத்தையும் டாக்டர் பார்த்துப் போட்ட நம்பர்னுதானே வச்சிருந்தேன்!"

"அப்படித்தானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க!"

"எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

இரண்டு பேரும் நன்றாகக் கத்திக்கொண்டோம். பிறகு அவர் கணினியில் தட்டிப் பார்த்தார். பத்து வருஷம் கடந்தவர்கள் முந்நூறு பேர். அதில் நேரில் வந்து எண் வாங்கியவர்கள் நூற்று அறுபது. மீதி நூற்று நாற்பது பேர் இரண்டு வருஷமோ அதற்கும் மேலோ வரவே இல்லை. அந்த நூற்று நாற்பதில் தொண்ணூற்றாறு பேர் ஆறு, ஆறுக்கு மேல் என்று நின்றுகொண்டிருந்தார்கள், எல்லாம் நான் நகல் எடுத்தது.

"அப்ப அவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க!" என்றேன்.

"உக்காருங்க. குதிக்காதீங்க." தசமம் கண்ணாடியைக் கழற்றினார். "தேறினதால வராதவங்க இருப்பாங்க. வர முடியாத அளவுக்குப் படுத்துட்டவங்களும் இருப்பாங்க. செத்துப்போனவங்களும் இருப்பாங்க. எது அதிகம்னு நமக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு குறையலாம். அறுபதாவும் ஆகலாம்."

அறுபது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கிருந்த சந்தோஷம் புஸ்ஸென்று போய்விட்டது. தங்கையிடம் என்ன சொல்வது? தப்பு நடந்திருக்கிறது, உன் நிலைமை நல்லதாகவும் இருக்கலாம், இன்னும் மோசமாகவும் இருக்கலாம் என்றா? அன்று வீட்டுக்குப் போய், "அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த லெட்டரைக் குடுக்காதே," என்று மட்டும் சொன்னேன்.

"ஏன்?"

"அக்கா சொல்றேன்ல."

"நீ சொன்னா போதுமா? ஜோசியம் ஏதாவது பார்த்தியா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பெரிய டாக்டர், பதிவேட்டுக்குத் தலைவர், விஷயத்தை முழுதாகக் கேட்டார். பிறகு எங்கள் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அதை இங்கே எழுதி என் மரியாதையை நானே கெடுத்துக்கொள்வானேன். முடிவில், "எல்லாருக்கும் ஃபோன் பண்ணுங்க, ஒருத்தரை விடக் கூடாது," என்றார். பதிவேட்டில் சேரும்போதே தேவைப்பட்டால் அழைக்கலாம் என்று எல்லோரும் கையெழுத்திட்டிருந்தார்கள். துணையில்லாமல் எவ்வளவு தூரம் நடப்பீர்கள், படி ஏறுவீர்களா, தடி உண்டா என்று ஃபோனில் கேட்பதற்கென்றே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தசமமும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். தங்கையின் கடிதத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லியிருந்தேன், அந்த வெள்ளிக்கிழமைக்குள் கைவசம் எட்டு வேலை நாள்.

முதல் அழைப்பிலேயே ஓர் அம்மா எடுத்தார். "என் பையன் போய் நாலு வருஷம் ஆச்சும்மா," என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. போன வருஷம்கூட நான் அந்தப் பையனுக்கு ஏழு என்று ஏற்றியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல, நீங்களாவது இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்க," என்றார் அவர். ஃபோனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அறுபதுதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றிவிட்டது.

இரண்டாவது ஆள் லாரி ஓட்டுகிறவர். ஹார்ன் சத்தத்துக்கு நடுவே, "தடியா? எதுக்குங்க?" என்று கேட்டார். வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிடச் சொல்லி வைத்தேன், கூப்பிட்டார். மூன்றாவது ஒரு தையற்காரம்மா, "நல்லா இருக்கறப்ப உங்க வாசப்படியை எதுக்கு மிதிக்கணும்? அந்த ஹால்ல அரை மணி உக்காந்தாலே எனக்கு இல்லாத வியாதியெல்லாம் வருது," என்றார். ஒருவர் மலையேறிக்கொண்டிருந்தார், நிஜமாகவே. ஒருவர் படுக்கையில் இருந்தார், அவருடைய மகள் பேசினாள். அவர்கள் வீட்டுக்கு ஆளனுப்பப் பெரிய டாக்டரிடம் அன்றே சொன்னேன். இன்னொருத்தி நான் விற்பனைக்காரி என்று நினைத்து மூன்று முறை துண்டித்தாள். நான்காவது முறை, "அம்மா, ஒண்ணும் விக்கல, நடக்கறீங்களான்னு மட்டும் சொல்லுங்க," என்று கத்தினேன். "நடந்துக்கிட்டேதான் பேசறேன், என்ன இப்ப?" என்று அவளும் கத்தினாள். அந்தத் திட்டைப் போல இனிப்பானதை நான் சமீபத்தில் வாங்கியதில்லை.

தசமம் எதிரே உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டே வந்தார். எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால் சொல்லமாட்டார். "பாதியில எண்ணினா மனசு ஒரு பக்கம் சாஞ்சுடும். அப்புறம் கேக்கற கேள்வியும் சாஞ்சுடும்." எனக்கு அவரைக் கிள்ளலாம் போல் இருந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம். அதனால் நானும் என் பக்கத்துக் கோடுகளை எண்ணவில்லை. எண்ணாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்குக் கடைசி எண்ணையும் சுழற்றி ஓய்ந்தோம். பதினெட்டு பேர் கிடைக்கவில்லை. தசமம் தட்டினார், மறுபடி தட்டினார், மூன்றாம் முறை தாளில் கையால் போட்டுப் பார்த்தார். கிடைத்தவர்கள் நூற்று இருபத்திரண்டு. உயிரோடு இல்லாதவர்கள் ஐந்து. தடியோ நாற்காலியோ படுக்கையோ, பதினான்கு. மற்ற நூற்று மூன்று பேரும் ஒன்றையும் பிடிக்காமல் நடந்துகொண்டிருந்தார்கள்.

"இறந்தவங்களையும் மோசமான பக்கமே சேர்த்துட்டேன். நேர்ல வந்தவங்கள்ல தடியோ நாற்காலியோ உள்ள அறுபது பேரையும் கூட்டினா, மொத்தத்துல இருபத்தெட்டு புள்ளி பூஜ்யம் ஒண்ணு நாலு."

"அந்தப் பதினெட்டு பேர்?"

"அத்தனை பேரும் மோசம்னே வச்சுக்கிட்டாலும் முப்பத்திரண்டு புள்ளி மூணு. அதுக்கு மேல போக வழியே இல்ல." அவர் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். "உங்க தங்கச்சி ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும்? போங்க. இதை எடுத்துக்கிட்டுப் போங்க."

கிடைக்காத பதினெட்டுப் பேருடைய கட்டத்தையும் காலியாகவே விட்டுவிட்டு எழுந்தேன். பெரிய டாக்டர் ஆள் வைத்துக் கணினியைத் திருத்தச் செய்திருந்ததால் அது வாயை மூடிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போயிற்று.

பேருந்தில் எனக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை, காலி இருக்கை இருந்தும் நின்றுகொண்டே போனேன். பள்ளிக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்றரை. தங்கை மைதானத்தின் ஓரத்தில் நின்று, நாற்பது பிள்ளைகளை வரிசைப்படுத்தித் தண்ணீர் குடிக்க அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஐம்பத்திரண்டு தப்புடீ. இருபத்தெட்டு." மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் கொட்டினேன். தபால்காரர், ஆறரை, என் நகல், நூற்று நாற்பது அழைப்பு. தாளை அவள் கையில் திணித்தேன்.

அவள் படித்தாள். முகம் சிவந்தது.

"நீயே போட்ட நம்பரா? உன் கையால நீ போட்டதைப் படிச்சுட்டா நான் இத்தனை நாளும் தூங்காம கிடந்தேன்?"

"ஆமா."

"உன்னை என்ன பண்ணலாம்?"

"என்ன வேணா பண்ணு. ஆனா முழுசா கேட்டுக்கோ. இருபத்தெட்டு சின்ன நம்பர் இல்ல. நீ எந்தப் பக்கம் இருப்பேன்னு இதுல எழுதலை. மருந்து விடாம சாப்பிடணும், வருஷா வருஷம் வரணும். உனக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. பெரிய டாக்டருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது."

அவள் தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "தெரியாதா?"

"தெரியாதுடீ."

தாளை மடித்தாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, லெட்டரை இப்பதான் மத்தியானம் குடுத்தேன். மேடம் நாலு மணிக்குக் கிளம்பிடுவாங்க."

சொல்லி முடிப்பதற்குள் ஓடிவிட்டாள். மைதானத்தின் குறுக்கே, கட்டடத்தை நோக்கி. நானும் ஓடினேன், ஓடினேன் என்று சொல்லக் கூடாது, ஓடுவது போல் ஏதோ செய்தேன். பாதி மைதானத்திலேயே எனக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டது. "சீக்கிரம் வாக்கா!" என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினாள். தண்ணீர்த் தொட்டியருகே நின்ற பிள்ளைகள் கை தட்டிச் சிரித்தார்கள், சிரிப்பு எனக்குத்தான். எட்டு மாதமாக அந்தக் காலைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். அன்று வெளிப்படையாக, கண் நிறையப் பார்த்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அலுவலக அறைக் கதவு திறந்திருந்தது. தலைமையாசிரியை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். கடிதம் அவர் கையில் இருந்தது. தங்கை அதை நோக்கி ஏற்கெனவே கையை நீட்டியிருந்தாள்.

"இன்னும் மேலிடத்துக்கு அனுப்பல, தரேன்," என்றார் அவர். "ஆனா மத்தியானம் அவ்வளவு உறுதியா இருந்தீங்களே. என்ன, இனிமே உடம்புக்கு ஒண்ணும் வராதுன்னு சொல்லிட்டாங்களா?"

"இல்ல மேடம்," என்றாள் தங்கை. ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. பரீட்சையில் முதலாவதாக வந்தவளைப் போல முகமெல்லாம் சிரிப்பு. "என்ன ஆகும்னு தெரியாதுன்னு சொல்லிட்டாங்க."